எருசலேமிலிருந்து வடக்கே பத்துக் கல், கிழக்கே ஒரு கல்

நீங்கள் கேட்டிருப்பது இது: தேவகோட்டைப் பக்கம் ஞாயிறு வகுப்பு எடுக்கிறீர்கள், ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இருபது பிள்ளைகள், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி நெருங்குகிறது, வேதாகமத்தின் கடைசியில் இருக்கிற நிலப்படத்தை விரித்துக் காட்டினால் ஒருவரும் பார்ப்பதில்லை, கையால் தொட்டுச் செய்கிற மாதிரி, பெரிய செலவில்லாமல் என்ன செய்யலாம். நான் காரைக்குடியில் பதினெட்டு வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பிள்ளைகள் படத்தைப் பார்க்காததற்குக் காரணம் அவர்களுக்கு ஆர்வமில்லை என்பதல்ல, அந்தப் படத்தில் தூரமும் இல்லை உயரமும் இல்லை என்பதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காகிதத்தில் இருக்கிற இரண்டு புள்ளிக்கு நடுவில் எவ்வளவு நடக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் காலுக்குத் தெரிய வேண்டும், உயரம் கைக்குத் தெரிய வேண்டும். அது இரண்டும் வந்துவிட்டால் பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், நான் பார்த்திருக்கிறேன்.

தூரத்துக்கு நம் ஊரில் இருக்கிற மாதிரி வசதி வேறெங்கும் கிடையாது. ஆத்தங்குடிக் கல் (சதுரமான பூப்போட்ட தரைக்கல்) பதித்த கூடம் ஒன்று கிடைத்தால் போதும், கட்டம் போட்ட காகிதம் தரையிலேயே தயாராக இருக்கிறது. ஒரு கல் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் ஒரு கல்லில் எருசலேம் என்று எழுதிய அட்டையை வையுங்கள், எல்லாவற்றையும் அங்கிருந்து எண்ணலாம். வடக்கே பத்துக் கல் போய்க் கிழக்கே ஒரு கல் நகர்ந்தால் நாசரேத். தெற்கே ஒரே ஒரு கல் பெத்லகேம். தெற்கே மூன்று, மேற்கே ஒன்று எபிரோன். வடக்கே ஐந்து கல்லில், கொஞ்சம் கிழக்கே தள்ளி, சீகேமும் அதையொட்டி யாக்கோபின் கிணறும். வடக்கே மூன்று, மேற்கே நாலரை யோப்பா, யோனா கப்பல் ஏறின துறைமுகம். வடக்கே எட்டு, மேற்கே மூன்று செசரியா. எரிகோ வடக்கே ஒன்று, கிழக்கே இரண்டு. தெற்குக் கடைசியில் பெயெர்செபா, தெற்கே ஆறு மேற்கே நாலு. வடக்குக் கடைசியில் தாண், வடக்கே பதினாறு கிழக்கே நாலு. எர்மோன் மலை அதற்கும் மேலே, வடக்கே பதினெட்டு கிழக்கே ஆறு. பத்து அங்குலக் கல்லாக இருந்தால் நீளவாக்கில் இருபது அடியில் முழுத் தேசமும் அடங்கிவிடும். உங்கள் ஆலயத்தில் பெரிய டைல்ஸ்தான் என்றால் ஒரு சாண் அளவுக்குக் கோலமாவில் கட்டம் போடுங்கள், அதையும் பிள்ளைகளே போடட்டும். கல் எண்ணுவதை நீங்கள் செய்யாதீர்கள். இரண்டு பேராகப் பிரித்து அட்டையையும் எண்ணிக்கையையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், தப்பாக வைத்தால் பக்கத்து ஜோடியே சண்டைக்கு வரும்.

இந்த இடத்தில் நம் ஊர் தூரத்தைக் கொண்டுவாருங்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் என்பது காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போவது மாதிரி, பத்துக் கிலோமீட்டர்கூட முழுசாக வராது. பெத்தானியா இன்னும் பக்கம், யோவான் சுவிசேஷத்திலேயே ஏறக்குறைய இரண்டு மைல் என்று இருக்கிறது, மாலையில் நடந்து போய்ப் படுத்துவிட்டுக் காலையில் திரும்பி வரலாம், இயேசு கடைசி வாரத்தில் அப்படித்தான் போய் வந்தார். கலிலேயாக் கடலின் முழு நீளமே 21 கிலோமீட்டர், காரைக்குடிக்கும் திருமயம் கோட்டைக்கும் உள்ள தூரம்தான். தாண் முதல் பெயெர்செபா வரை என்று வேதாகமத்தில் திரும்பத் திரும்ப வருகிறதே, அது சுமார் 240 கிலோமீட்டர், நம் ஊரில் பஸ் ஏறி மதுரை வழியாகப் பாளையங்கோட்டையில் இறங்குகிற தூரம். இதைச் சொன்னதும் ஒரு பையன் "இவ்ளோதானா சார் முழுசும்?" என்று கேட்டான். அவன் மனதில் இருந்தது இந்தியா அளவுக்கு ஒரு நாடு. அப்புறம்தான் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு மரியாளும் யோசேப்பும் போன வழியை நடக்கச் சொன்னேன். எந்த வழியில் போனாலும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களையும், ஓரியூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடக்கிறவர்களையும் ரோட்டில் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க முடியும், இராத்திரி எங்கே தங்குவார்கள், கால் எப்படிக் கொப்பளிக்கும் என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

யோர்தானுக்கு ஒரு கயிறு வேலை. கலிலேயாக் கடலின் தென்முனையிலிருந்து சவக்கடல் வரை நேர்கோட்டில் பத்துக் கல், அதாவது நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆனால் ஆறு வளைந்து வளைந்து ஓடி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதனால் இருபத்தோரு கல் நீளத்துக்கு ஒரு நீலக் கயிறு வெட்டி (பழைய கொடிக்கயிறு போதும்) பத்துக் கல் இடத்துக்குள் இதை முழுசாக அடக்குங்கள் என்று சொல்லுங்கள். முதலில் இழுத்துப் பார்ப்பார்கள், மிச்சம் வரும், பிறகு பாம்பு மாதிரி நெளித்து நெளித்து வைப்பார்கள். வைத்து முடித்ததும் யோர்தானின் நிஜமான வடிவம் தரையில் கிடக்கும். ஒரு வார்த்தை நீங்கள் பேச வேண்டியதில்லை.

அடுத்தது உயரம். இதுதான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம், நான் அதிகம் தப்புச் செய்த இடமும் இதுதான். முதன்முதலில் மேடுபள்ளப் படம் செய்தபோது பலகையின் மட்டத்தையே கடல் மட்டமாக வைத்துவிட்டேன். மலையெல்லாம் அழகாக வந்தது. சவக்கடலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அது கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, பலகைக்குக் கீழே எப்படித் தோண்டுவது? கலிலேயாக் கடல் சுமார் 210 மீட்டர் கீழே, எரிகோ சுமார் 250 மீட்டர் கீழே, சவக்கடலின் கரை இன்று சுமார் 430 மீட்டர் கீழே, பூமியில் தரை அதற்குக் கீழே எங்கும் கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கு இல்லாத படம் வேதாகம தேசத்தின் படமே அல்ல. அவ்வளவு வேலையையும் பிரித்துவிட்டு மறுபடி செய்தேன்.

ஆகவே கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். இரண்டரை அடிக்கு ஒன்றேகால் அடி ப்ளைவுட் பலகை எடுத்துக்கொண்டால் ஒரு சென்டிமீட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்று சரியாக வரும். உயரத்துக்கும் அதே அளவு வைத்தால் எருசலேம் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, விரலுக்குத் தட்டாது. அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்கு கூட்டி ஒரு சென்டிமீட்டருக்கு 400 மீட்டர் என்று வையுங்கள், இப்படிக் கூட்டியிருக்கிறோம் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லியும் விடுங்கள். கடல் மட்டம் பலகைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே. பிறகு ஊர் ஊராக ஆணி அடியுங்கள், ஆணித்தலை நிற்கிற உயரம்தான் அந்த ஊரின் உயரம். எருசலேம் சுமார் 750 மீட்டர், ஆணி பலகையிலிருந்து 3.4 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். எபிரோன் இன்னும் உயரம், 3.8. நாசரேத் 2.4. கலிலேயாக் கடல் ஒன்று. எரிகோ 0.9. சவக்கடல் 0.4, கிட்டத்தட்டப் பலகையைத் தொட்டுவிடும். எர்மோன் 2,814 மீட்டர், எட்டரை சென்டிமீட்டர் ஆணி மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நிற்கும். ஸ்கேல் பிடித்து ஆணியை அளப்பதைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் விடுங்கள், சுத்தியல் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஆணிகளுக்கு நடுவே நிரப்புவதற்கு என்ன போடுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கண்மாய் வண்டல் சும்மா கிடைக்கிறது, ஆனால் காய்ந்தால் வெடிக்கும், உமி கலந்தாலும் பலகையை விட்டுப் பெயர்ந்துவிடும், அந்த நேரத்துக்குச் செய்து பார்த்துக் கலைக்கத்தான் அது நல்லது. மைதாவும் உப்பும் பிசைந்த மாவு வெயிலில் கல் மாதிரி ஆகும், ஐப்பசியில் ஈரம் இழுத்துக் கொழகொழவென்று ஆகிவிடும், எறும்பும் வரும். நான் கடைசியில் வந்து நின்றது நம் ஆச்சிமார் கூடை செய்வார்களே, அந்தக் காகிதக் கூழும் வெந்தயமும்தான். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினம் தண்ணீர் மாற்றி, பிழிந்து, ஒரு வாளிக் கூழுக்கு இரண்டு கைப்பிடி ஊறவைத்த வெந்தயத்தைச் சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டுங்கள். வழவழப்பான கல்யாணப் பத்திரிகைத் தாளைச் சேர்க்காதீர்கள், ஊறாது, கட்டி கட்டியாக நிற்கும். சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் கையை நனைத்துக்கொண்டு அப்ப வேண்டியதுதான். ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும், அதனால் அரை விரல் கனத்துக்கு அப்பி, சித்திரை வெயிலில் ஒரு நாள் காயவைத்து, அடுத்த அடுக்கு. பலகை ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளைந்துகொள்ளும், ஆகவே கூழ் வைப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்து அடியில் இரண்டு ரீப்பர் கட்டையை ஆணியடித்துவிடுங்கள். பிள்ளைகள் அப்புகிற மலை கோணல்மாணலாகத்தான் வரும், இராத்திரி உட்கார்ந்து நீங்கள் அதைச் சரி செய்யாதீர்கள். ஆணித்தலை மூடுகிற அளவுக்கு வந்திருந்தால் போதும், நிலம் சரியாகத்தான் இருக்கிறது.

நிறம் அடிக்கும்போது முழுக்க மஞ்சள் மணலாக அடிக்க விடாதீர்கள். படப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து ஒட்டகமும் மணல்மேடும்தான் வேதாகம தேசம் என்று பதிந்திருக்கிறது. கலிலேயா பச்சை, விளைச்சல் பூமி. மத்தியதரைக் கடலிலிருந்து வருகிற மழை மேற்குச் சரிவில் பெய்துவிடுகிறது, மலைமுதுகைத் தாண்டினதும் மழை நின்றுபோய் யூதேயா வனாந்தரம் தொடங்கிவிடுகிறது. தேனிப் பக்கம் போன பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டுகிறது, இந்தப் பக்கம் காய்கிறது என்று அதுவே சொல்லும். எருசலேமிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்திலேயே பச்சை முடிந்து பழுப்பு ஆரம்பிக்க வேண்டும், இயேசு நாற்பது நாள் இருந்த வனாந்தரம் ஊருக்கு இவ்வளவு பக்கமா என்று அப்போதுதான் புரியும்.

எனாமல் பெயின்ட் இரண்டு கோட் காய்ந்த பிறகு எர்மோன் உச்சியில் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். அது மலைச்சரிவில் இறங்கி, கலிலேயாக் கடலில் தேங்கி, நிரம்பி, யோர்தான் பள்ளத்தில் வழிந்து சவக்கடலில் போய் நிற்கும். எங்கள் வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒன்று பலகை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது, கடைசியில் சவக்கடலைச் சுற்றி விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கலுங்கு எங்க?" என்றது. அதுதான் கேள்வி! கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கும் இல்லை, தண்ணீரைத் திறந்துவிடுகிற மடையும் இல்லை. வருகிற தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகிறது, அது கொண்டுவந்த உப்பு மட்டும் அங்கேயே தங்குகிறது, ஆயிரக்கணக்கான வருஷமாக. கண்மாய்ப் பிள்ளைகளுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

உடனே உப்பு வேலைக்குப் போய்விடுங்கள், சூடு ஆறக்கூடாது. இரண்டு கண்ணாடிப் பாத்திரம், இரண்டு முட்டை. ஒன்றில் நல்ல தண்ணீர், அது கலிலேயா, ஏனென்றால் அது பெயரில்தான் கடல், நிஜத்தில் நன்னீர் ஏரி, கலிலேயாக் கடல் உப்புக் கரிக்கும் என்று நினைக்கிற பெரியவர்களே நிறைய உண்டு. இன்னொன்றில் ஒரு லிட்டருக்கு 350 கிராம் கல் உப்பு போட்டுக் கரையும்வரை கலக்குங்கள், கிட்டத்தட்டச் சவக்கடல் அளவுக்கு வந்துவிடும், சாதாரணக் கடலைப் போல் பத்து மடங்கு. முதல் பாத்திரத்தில் முட்டை அடியில் கிடக்கும், இரண்டாவதில் மேலே ஒரு பங்கு வெளியே தெரிய மிதக்கும். ஒவ்வொருவரும் விரலால் அமுக்கிப் பார்க்கட்டும், திரும்ப எழும்பும்.

எரிகோ வழிக்கும் இந்தப் பலகைதான். எருசலேமிலிருந்து எரிகோ சுமார் 25 கிலோமீட்டர், அதற்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம். நல்ல சமாரியன் உவமையில் லூக்கா எழுதின கிரேக்கச் சொல்லே கீழே இறங்கிப் போவதைக் குறிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலை எருசலேமில் வைத்து எரிகோவரை இழுக்கச் சொல்லுங்கள். திருடர்கள் ஏன் அங்கே ஒளிந்தார்கள், காயப்பட்டவனைக் கழுதையில் ஏற்றிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஒரு தடவலில் கேள்விகள் வரும். கலிலேயாக் கடலில் திடீர்ப் புயல் வருவதற்கும் காரணம் பலகையிலேயே தெரிகிறது, சுற்றி மேடு, நடுவில் தாழ்ந்த வெதுவெதுப்பான தண்ணீர், மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று சரிந்து விழுகிறது.

புயலைச் சொன்னதால் படகு. 1986ல் கலிலேயாக் கடலில் வறட்சியால் தண்ணீர் இறங்கியபோது, கினோசார் பக்கத்தில் சேற்றுக்குள் ஒரு பழைய மரப்படகை இரண்டு மீனவச் சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள், இயேசு காலத்தை ஒட்டிய படகு. அது யாருடைய படகு என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் காலத்துப் படகின் அளவு நமக்குக் கிடைத்துவிட்டது: நீளம் சுமார் 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். ஆலய வாசலில் 27 அடிக்கு ஏழரை அடி கோலமாவில் படகு வரைந்து, பதின்மூன்று பேரை உட்காரவைத்து, பின்னணியத்தில் ஒருவரைத் தலையணை வைத்துப் படுக்க வையுங்கள். எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்த பிறகு இயேசு புயலை அடக்கின அந்த இராத்திரிக் கதையை வாசித்துப் பாருங்கள், பிள்ளைகள் கேட்கிற விதமே வேறாக இருக்கும்.

நேரமும் கைவலுவும் இருந்தால் மொசைக். ஜோர்டான் நாட்டில் மாதபா என்ற ஊரில் ஒரு தேவாலயத் தரையில் 6ஆம் நூற்றாண்டில் சிறுசிறு வண்ணக் கற்களால் பதித்த வேதாகம தேசத்தின் படம் இன்னும் இருக்கிறது. அதில் யோர்தானில் நீந்தி வருகிற மீன் ஒன்று சவக்கடலை நெருங்கினதும் திரும்பிக்கொள்கிறது. பூக்கல் பதிக்கிற ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது சொந்த வேலை மாதிரி. ஆத்தங்குடிப் பட்டறையில் உடைந்த கல்லைக் கேட்டு வாங்குங்கள், சாக்கில் சுற்றி நீங்களே உடைத்து, முனையைத் தேய்த்துக் கொடுங்கள், பிள்ளைகள் ஒட்டட்டும். நிறம் பிரிக்கவே ஒரு வகுப்பு போகும். ஆத்தங்குடி முறையிலேயே கண்ணாடிமேல் நிறச் சிமெண்டு ஊற்றி வார்க்கலாம் என்று ஒரு வருஷம் பெரிய பிள்ளைகளோடு முயன்றோம். கண்ணாடியைத் தொடுகிற பக்கம்தான் முகமாக வரும் என்பதை மறந்து படத்தை நேராகவே வரைந்துவிட்டேன், எடுத்துப் பார்த்தால் மத்தியதரைக் கடல் கிழக்கே போய்விட்டது. நீங்கள் செய்தால் காகிதத்தில் வரைந்த படத்தைக் குப்புறப் போட்டுக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள், கையுறை இல்லாமல் சிமெண்டைத் தொட விடாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பெயர் அட்டைகளில் மட்டும் கவனம். கெனேசரேத்துக் கடல், திபேரியாக் கடல், கின்னரேத் கடல் எல்லாம் கலிலேயாக் கடல்தான், பிள்ளைகள் நாலு ஏரி என்று எண்ணிக்கொள்வார்கள். சவக்கடலுக்கு உப்புக்கடல் என்றும் எழுதுங்கள், பழைய ஏற்பாட்டில் அப்படித்தான் வாசிப்பார்கள். செசரியா கடற்கரையில், பிலிப்புச் செசரியா எர்மோன் அடிவாரத்தில், இரண்டும் வேறு. உங்கள் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் கப்பர்நகூமுக்குப் பக்கத்தில் கப்பர்நாகும் என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள், பொது மொழிபெயர்ப்பில் அப்படி இருக்கிறது, வீட்டில் தேடும்போது தடுமாற மாட்டார்கள். அட்டையைப் பலகையில் ஒட்டிவிடாதீர்கள். குண்டூசியில் கொடி மாதிரிக் குத்தி, வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு வையுங்கள், அடுத்த வாரம் முதல் பத்து நிமிஷம் அவர்களே எடுத்துக் குத்தட்டும்.

செலவு என்று பார்த்தால் பலகை, பெயின்ட், ஆணி இவ்வளவுதான் கடையில் வாங்குவது, மிச்சம் வீட்டிலேயே இருக்கிறது. பலகையைத் தரையில் சாய்த்து வைக்காதீர்கள், கறையான் காகிதக் கூழை விடாது, சுவரில் மாட்டுங்கள். பள்ளி தொடங்க இன்னும் நாள் இருப்பதால் கூழை இப்போதே ஆரம்பிக்க வேண்டாம். இந்த ஞாயிறு ஒரு அட்டையில் எருசலேம் என்று எழுதித் தரையில் வைத்துக் கல் எண்ண விடுங்கள். கூடம் நீளம் பத்தாமல் தாண் வாசல்படியைத் தாண்டித் திண்ணையில் போய் விழுந்தால் அப்படியே விடுங்கள், எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தத் திண்ணையைத் தாண் என்றுதான் சொல்கிறார்கள்.